பட்டியலில் விடுபட்ட முதல் பெயர்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள். நடுவில் கணினி விஷயம் வரும், பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு வரிசையாக நின்ற அனுபவம் இருந்தால் போதும், எல்லாம் புரிந்துவிடும்.

இரண்டு வருஷமாக மனசில் வைத்துக்கொண்டிருந்த விஷயம் இது. நான் செய்த ஒரு தப்பு. தெரிந்து செய்யவில்லை. ஆனால் அதனால் ஒரு பிள்ளையின் படிப்பே திசை மாறியிருக்கும். இந்த வருஷமும் விண்ணப்பம் வாங்கும் வேலை தொடங்கிவிட்டதால், எழுதிவிடுவதுதான் நல்லது என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நான் ஆசிரியர் பயிற்சி பட்டயம் முடித்து, கல்லாவியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்தவள். பட்டதாரி இல்லை. 2019ல் பணி நிறைவு. அடுத்த வருஷமே ஊரடங்கு வந்தது. பெங்களூரில் இருக்கும் என் மகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று ஊருக்கு வந்து, திண்ணையை ஒட்டிய அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிட்டான். டீ கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் திரையை எட்டிப் பார்ப்பேன். "இது என்னடா?" என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் "உக்காரும்மா, சொல்லித் தர்றேன்" என்றான். அப்படித்தான் எனக்குப் பைத்தான் என்ற கணினி மொழி அறிமுகம். ஐம்பத்தொன்பது வயதில் மறுபடியும் அ, ஆ.

அந்த மொழியோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஒரு கருவிப்பெட்டியின் பெயர் பாண்டாஸ். பெயரைக் கேட்டதும் நான் கரடியைத்தான் நினைத்தேன். அதற்கும் கரடிக்கும் சம்பந்தம் இல்லை. 'பேனல் டேட்டா' என்று பொருளாதாரக்காரர்கள் சொல்லும் ஒருவகைத் தரவிலிருந்து வந்த பெயர். வெஸ் மெக்கின்னி என்ற அமெரிக்கர், ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது 2008ல் எழுதத் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க அட்டவணைகளைக் கையாள இதை வைத்திருக்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மதிப்பெண் பதிவேட்டைக் கணினிக்குள் விரித்து வைத்து, ஒரு வரியில் கூட்டச் சொல்லலாம், வரிசைப்படுத்தச் சொல்லலாம், வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கச் சொல்லலாம். முப்பத்தைந்து வருஷம் சிவப்பு மையில் கூட்டல் போட்டவளுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் படித்து இன்று ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, வருஷா வருஷம் கொஞ்சம் பணம் திரட்டுகிறார்கள். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும் பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 6,000 ரூபாய். பெரிய தொகை இல்லை என்று தோன்றும். அரசுக் கல்லூரியில் சேருகிற ஒரு பிள்ளைக்கு அந்த ஜூன் மாதத்தில் அதுதான் கட்டணம், அதுதான் பஸ் காசு, அதுதான் இரண்டு செட் துணி. புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது, உண்மை. ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வருவது. சேருவதற்கு முன்னால் ஒரு வாசற்படி இருக்கிறதே, அதைத் தாண்ட வேண்டும்.

2023ல் பயனாளிகளைத் தேர்வு செய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். "டீச்சர் போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார்கள். அந்த வார்த்தையில் எனக்கும் கொஞ்சம் பெருமைதான். இப்போது யோசித்தால், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதுதான் அதில் இருந்த ஆபத்து.

மொத்தம் 41 விண்ணப்பங்கள். நூறு புள்ளிகளுக்கு ஒரு கணக்கு வைத்தோம். மதிப்பெண்ணுக்கு 50, குடும்ப வருமானத்துக்கு 20, அப்பா அம்மா இருக்கிறார்களா, ஊரில் இருக்கிறார்களா என்பதற்கு 20, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் 10. இந்தப் பக்கத்து வீடுகளில் பெற்றோர் கட்டட வேலைக்கு, செங்கல் சூளைக்கு என்று கர்நாடகா பக்கம் போய்விட்டு, பிள்ளைகள் பாட்டியோடு இருப்பது சாதாரணம். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன்.

விண்ணப்பங்கள் வந்த வரிசையிலேயே கணினியில் ஏற்றினேன். பாண்டாஸ் ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்தில் தானாகவே ஒரு எண் போட்டுக்கொள்ளும். கணினிக்காரர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள். முதலில் வந்த விண்ணப்பம் 0, கடைசியில் வந்தது 40. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, 'லோக்' என்று ஒரு கட்டளை உண்டு, அதைக் கொடுத்து 0 முதல் 9 வரை கேட்டுப் பார்த்தேன். பத்து வரி அழகாக வந்தது.

பிறகு 'சார்ட் வேல்யூஸ்' என்ற கட்டளையால், புள்ளி அதிகமாக உள்ளவர் மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்தினேன். மறுபடி அதே லோக், அதே 0 முதல் 9 வரை. மறுபடியும் பத்துப் பெயர். எண்ணிப் பார்த்தேன், பத்துதான். புள்ளிகளும் மேலிருந்து கீழாக ஒழுங்காக இறங்கிக்கொண்டு வந்தன. வேறு என்ன வேண்டும்? பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டல் படங்கள் குவிந்தன. மறுநாளே பத்துப் பேருக்கும் பணம் போய்விட்டது.

பத்து நாள் கழித்து ஒரு பாட்டி வீட்டுக்கு வந்தார்கள். பேத்திக்கு விண்ணப்பம் கொடுத்தவர்கள். வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"ஒண்ணுமில்ல டீச்சரம்மா, பாப்பா சர்டிபிகேட் ஜெராக்ஸ் இங்க குடுத்திருந்தோமில்ல, அது இருந்தா குடுங்க. மறுபடி ஜெராக்ஸ் எடுக்க வேணாமேன்னு. ஓசூர்ல கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களாம். பஸ் வருதாம், தங்கறதுக்கு இடமும் தர்றாங்களாம். அங்க குடுக்கணும்."

"காலேஜ் சேரலையா?" என்றேன்.

"இல்லீங்க. நாங்களும் பாத்தோம். சரி பரவால்ல டீச்சரம்மா. நீங்க போட்ட லிஸ்ட்டு. எங்களவிட கஷ்டப்படறவங்க இருப்பாங்க, அவங்களுக்குப் போயிருக்கும்."

கம்பெனி வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. என் மாணவிகள் எத்தனையோ பேர் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளை படிக்க ஆசைப்பட்டுத்தான் விண்ணப்பம் கொடுத்தது. ஜெராக்ஸைத் தேடி எடுத்தேன். மேலே என் கையெழுத்திலேயே விண்ணப்ப எண் 33 என்று இருந்தது. வருமானச் சான்றுக்கு அலைந்ததில் கடைசி நாட்களில் வந்த விண்ணப்பம். மதிப்பெண் நன்றாகவே இருந்தது. அப்பா இல்லை, அம்மா பெங்களூரில் வீட்டு வேலை. எனக்கு எங்கேயோ உறுத்தியது. "எங்களவிட கஷ்டப்படறவங்க" என்று பாட்டி சொன்ன வார்த்தை, அவர்கள் தெரு முனை திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றது.

இரவு மடிக்கணினியைத் திறந்தேன். வரிசைப்படுத்திய அட்டவணையை, வெட்டாமல், முழுசாகத் திறந்து பார்த்தேன்.

முதல் வரி: எண் 33, புள்ளி 87. அந்தப் பிள்ளை.

இரண்டாவது வரி: எண் 26, புள்ளி 84. ஒரு பையன்.

மூன்றாவது வரியில்தான் எண் 0 இருந்தது. என் பட்டியலில் முதல் பெயர் அதுதான்.

இருக்கிற 41 பேரில் முதல் இரண்டு இடத்தில் இருந்தவர்கள் பட்டியலில் இல்லை. பதினொன்றாவது, பன்னிரண்டாவது இடத்தில் இருந்தவர்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். கை நடுங்கியது. கணினியைத் திட்டினேன். "மேலே இருந்து பத்துப் பேரைக் கேட்டால் மூன்றாவதிலிருந்து கொடுக்கிறாயே!"

மகனுக்கு இரவில் போன் போட மனம் வரவில்லை. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு மாணவன் ஓசூரில் இதே மாதிரி தரவு வேலையில் இருக்கிறான். தயங்கித் தயங்கிக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டான். இரண்டு நிமிஷம் பேசவில்லை. பிறகு சொன்னான்:

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. மெஷின் தப்பு பண்ணல. நம்ம ஸ்கூல் பிரேயரை நினைச்சுப் பாருங்க. அட்டெண்டன்ஸ் நம்பர் ஒண்ணு இருக்கும். ஜூன்ல போட்டா வருஷம் முழுக்க அதே நம்பர்தான். ஆனா பிரேயர்ல நீங்க உயரப்படி நிக்க வைப்பீங்க. நான் அட்டெண்டன்ஸ்ல நாலாவது, லைன்ல கடைசிக்கு முந்தி. லைன்ல எங்க நின்னாலும் என் நம்பர் நாலுதானே?"

"ஆமாம்."

"பாண்டாஸ்ல இடது பக்கம் இருக்கற நம்பர் அட்டெண்டன்ஸ் நம்பர் டீச்சர். லைன்ல நிக்கற இடம் இல்ல. சார்ட் பண்ணும்போது பிள்ளைங்க இடம் மாறி நிப்பாங்க. ஆனா ஆளோட நம்பர் ஆளோடவே போகும். நீங்க லோக்ல 0 முதல் 9 வரைக்கும்னு கேட்டீங்க. அது லைன்ல 0 நம்பர் பையன் எங்க நிக்கறான்னு தேடுச்சு. 9 நம்பர் எங்க நிக்கறான்னு தேடுச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல யார் யார் நிக்கறாங்களோ, அவங்க நம்பர் என்னவா இருந்தாலும் சரி, எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுச்சு. 0 மூணாவது இடத்துல இருந்தான், 9 பன்னிரண்டாவது இடத்துல. நடுவுல எண்ணினா பத்து. உங்க கெட்ட நேரம், கரெக்டா பத்து வந்துடுச்சு."

முப்பத்தைந்து வருஷம் பிரேயர் வரிசை நிறுத்தியவள் நான். என் மாணவன் என் பிரேயரை வைத்தே எனக்குப் பாடம் நடத்தினான்.

நீங்களும் ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். ஐந்து பிள்ளைகள், எண் 0 முதல் 4 வரை. மதிப்பெண் இப்படி: 0க்கு 45, 1க்கு 78, 2க்கு 32, 3க்கு 91, 4க்கு 60. பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் நிற்கும் ஒழுங்கு: 3, 1, 4, 0, 2.

இப்போது முதல் மூன்று பேர் வேண்டும் என்று நினைத்து, லோக்கில் 0 முதல் 2 வரை என்று கேட்டால் என்ன வரும்? 0 எண்காரன் நான்காவது இடத்தில், 2 எண்காரன் ஐந்தாவது இடத்தில். வருவது இரண்டே பேர், 45ம் 32ம். கடைசி இரண்டு பேரை முதல் இடக்காரர்கள் என்று கொண்டுவந்து நிறுத்தும்!

0 முதல் 3 வரை என்று கேட்டால்? 3 எண்காரன் வரிசையில் 0க்கு முன்னாலேயே நிற்கிறான். நடுவில் யாரும் இல்லை. ஒரு வெற்று அட்டவணை வரும். பிழை என்று ஒரு எச்சரிக்கைகூட வராது.

சரியான வழி என்ன? வரிசையில் நிற்கும் இடத்தை வைத்துக் கேட்பதற்கு 'ஐலோக்' என்று வேறு கட்டளை இருக்கிறது. ஐலோக்கில் 0 முதல் 3 என்றால், எண்ணைப் பார்க்காது. வரிசையின் தலையிலிருந்து மூன்று பேரை எண்ணி எடுத்துவிடும்: 3, 1, 4. அதாவது 91, 78, 60. மேலிருந்து பத்து வேண்டும் என்றால் 'ஹெட்' என்று சொல்லிப் பத்து என்று கேட்டாலும் போதும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஐலோக்கில் 0 முதல் 3 என்றால் 3 சேராது. 0, 1, 2 இடங்கள் மட்டும். லோக்கில் முடிவு எண்ணும் சேரும். இது என்ன ஓரவஞ்சனை என்று கேட்டேன். அவன் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. எண்ணி எடுப்பவனுக்கு அடுத்தது எதுவென்று தெரியும், மூன்றுக்கு முன்னால் நிறுத்து என்றால் நிறுத்திவிடுவான். ஆனால் அடையாளத்தை வைத்துக் கேட்பவனுக்கு அந்த அடையாளத்துக்கு அடுத்து யார் நிற்கிறார்கள் என்று தெரியாதே. ஒரு நிலுவைக் கணக்கில் "திங்கள் முதல் வெள்ளி வரை" என்றால் வெள்ளியும் சேர்த்துத்தானே நினைக்கிறோம்? பங்குச் சந்தைக் கணக்குபோலத் தேதியை அடையாளமாக வைத்துப் பார்க்கும் வேலைக்காகவே பிறந்த கருவி அது. அதனால் அப்படி.

எனக்கு ஏன் இந்தக் குழப்பம் வந்தது என்றும் பிறகு புரிந்தது. எக்செல்லில் பழகிய கண் எனக்கு. எக்செல்லில் இடது ஓரத்து எண் தாளுக்குச் சொந்தம். என்னதான் வரிசைப்படுத்தினாலும் மேலே இருப்பது 1, அடுத்தது 2. அது நிற்கும் இடத்தின் எண். பாண்டாஸில் அதே இடது ஓரத்தில் இருப்பது ஆளின் எண். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆனால் அந்தப் பிடிவாதத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. எக்செல்லில் மதிப்பெண் இருக்கும் ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தி, ஒருத்தர் மதிப்பெண்ணை இன்னொருத்தர் பெயருக்கு நேரே கொண்டுபோய் நிறுத்திய அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். பாண்டாஸில் ஒரு அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்கு மதிப்பெண்ணைக் கொண்டுபோனால், யார் எந்த வரியில் நின்றாலும், எண் பார்த்து அவரவருக்கு நேரே சேர்த்துவிடும். ஆளோடு எண் ஒட்டிக்கொண்டே போவதால்தான் அது முடிகிறது. என்னை ஏமாற்றியதும் அதே குணம்தான்.

இதைப் படித்துவிட்டு, இவ்வளவு குழப்பம் எதற்கு, ஒரே கட்டளையாக வைத்தால் என்ன என்று நினைக்கலாம். அப்படியும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 'ஐஎக்ஸ்' என்று ஒன்று இருந்தது. சில நேரம் ஆளின் எண்ணாகவும் சில நேரம் இடத்தின் எண்ணாகவும் எடுத்துக்கொள்ளும். குழப்பம் அதிகமாகி, 2017ல் அதைப் பயன்படுத்தாதீர்கள் என்றார்கள். 2020ல் வந்த 1.0 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். எதைக் கேட்கிறோம் என்று கேட்பவர்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வகுப்பறையிலும் அதுதானே? கேள்வி மொட்டையாக இருந்தால் பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்?

அந்த இரவு இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். சத்தம் போடுகிற தப்பு நமக்கு நண்பன். சத்தம் போடாத தப்புதான் ஆபத்து. வரிசை கலைந்து நிற்கும் அட்டவணையில், இல்லாத ஒரு எண்ணைச் சொல்லி, உதாரணமாக 0 முதல் 50 வரை என்று லோக்கில் கேட்டால், 50 என்று யாரும் இல்லையே என்று கணினி சத்தம் போட்டு நின்றுவிடும். எண்கள் ஏறுவரிசையில் ஒழுங்காக இருந்தால் அதே கேள்விக்குச் சத்தம் போடாது, இருப்பவர்களைக் கொடுக்கும். இதுவும் பதிவேடு மாதிரிதான். பதிவேட்டு வரிசையில் 20வது பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டாலும் அவன் இடம் 19க்கும் 21க்கும் நடுவே என்று நமக்குத் தெரியும். உயர வரிசையில் இல்லாத பிள்ளை எங்கே நிற்பான் என்று யார் சொல்ல முடியும்?

அடுத்த வருஷம் 2024ல் அந்தச் சத்தத்தை நேரிலேயே கேட்டேன். இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவு செய்த கோப்புகளை ஒன்றாகச் சேர்த்தேன். இரண்டிலும் 0, 1, 2 என்று எண் தொடங்கியது. சேர்த்து வரிசைப்படுத்திவிட்டு, பரிசோதனையாக வேண்டுமென்றே பழைய மாதிரியே லோக்கில் 0 முதல் 9 வரை கேட்டேன். சிவப்பு எழுத்தில் பிழை வந்து நின்றது. 0 என்று இரண்டு பேர் இருக்கிறார்கள், எந்த 0விலிருந்து தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை. 2023லும் இப்படிச் சிவப்பு எழுத்து வந்திருந்தால் அந்தப் பாட்டி என் வாசலில் வந்து நின்றிருக்க வேண்டியதில்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோல் பத்து வரி வந்ததுதான் வினையாகிவிட்டது.

சரி, 2023க்கு வருகிறேன். அன்று இரவே குழுவில் எழுதினேன். "பட்டியல் தப்பு. தப்பு என்னுடையது. இரண்டு பிள்ளைகள் விடுபட்டிருக்கிறார்கள்" என்று. எழுதி முடித்து அனுப்பும் பொத்தானைத் தொட எனக்குக் கால்மணி நேரம் ஆனது. நாற்பது வருஷமாக ஊரில் சம்பாதித்த பெயர் ஒரு பக்கம். சொல்லாமலே என் கைப்பணத்தைக் கொடுத்துச் சரிக்கட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணமும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்தால், அந்தப் பிள்ளைகளுக்கு அது தர்மமாகத்தான் போய்ச்சேரும். அது அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டிய முதல் இடமும் இரண்டாம் இடமும். அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

பணம் வாங்கிவிட்ட பதினொன்றாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளிடம் திருப்பிக் கேட்பதில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு? கூடுதலாகத் தேவைப்பட்ட 12,000 ரூபாயை நான் என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தேன். குழுவில் சிலர் பங்கு போட வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனேன். பிள்ளை குடத்தோடு தண்ணீர் பிடிக்க நின்றிருந்தது. "நீதான்மா முதல்ல இருந்த. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்" என்றேன். அதற்குப் புரியவில்லை. பாட்டிக்கும் புரியவில்லை. "டீச்சரம்மா எதுக்கு இதுக்குப்போயி..." என்று பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் அடுத்த கட்டக் கலந்தாய்வு பாக்கி இருந்தது. இடம் கிடைத்தது. அந்தப் பையன் அதற்குள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருந்தான். கடனை அடைத்தான்.

இதே மாதிரி பட்டியல் போடும் வேலை உங்களில் பலர் செய்கிறீர்கள். சங்கம், கோயில் கமிட்டி, சுய உதவிக் குழு, பள்ளி மேலாண்மைக் குழு என்று. உங்களுக்காக, பட்டறிவில் சில வார்த்தைகள்.

ஒன்று, விண்ணப்ப எண்ணைத் தனி நெடுவரிசையாக நீங்களே எழுதுங்கள். கணினி இடது ஓரத்தில் போடும் எண்ணை நம்பி இருக்காதீர்கள். வரிசைப்படுத்தியதும் 'ரீசெட் இண்டெக்ஸ்' என்ற கட்டளையால் இடது ஓர எண்ணைப் புதிதாக 0, 1, 2 என்று போட்டுக்கொள்ளலாம். அப்போது ஆளின் எண்ணும் இடத்தின் எண்ணும் தனித்தனியே, குழப்பமில்லாமல் இருக்கும்.

இரண்டு, எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். நான் எண்ணினேன், பத்து சரியாக இருந்தது, பட்டியல் தப்பாக இருந்தது. முழு அட்டவணையில் முதலில் இருப்பவர் உங்கள் பட்டியலிலும் முதலில் இருக்கிறாரா என்று பாருங்கள். கடைசியாக உள்ளே வந்தவர் யார், ஒரு புள்ளியில் வெளியே நின்றவர் யார் என்றும் பாருங்கள்.

மூன்று, பத்தாவது இடத்துக்கும் பதினொன்றாவது இடத்துக்கும் ஒரே புள்ளி என்றால்? ஹெட் கேட்டால் பத்தோடு நறுக்கிவிடும். கத்திக்கு யார் எவர் என்று தெரியாது. 'என் லார்ஜஸ்ட்' என்ற கட்டளையில் சமமானவர்கள் எல்லோரையும் வைத்துக்கொள் என்று சொல்ல வழி இருக்கிறது. ஆனால் வைத்துக்கொள்வதா, வேறு எதைப் பார்த்துப் பிரிப்பது என்பதை மனிதர்கள்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நம் மாநிலப் பொறியியல் சேர்க்கையில் சமமாக வருபவர்களைப் பிரிக்கப் பாட மதிப்பெண், பிறந்த தேதி, கடைசியாகச் சமவாய்ப்பு எண் என்று முதலிலேயே விதி சொல்லிவிடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். பெயரைப் பார்த்த பிறகு விதி செய்யக் கூடாது.

நான்காவதாக, "டீச்சர் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில்தான் இன்னொருவரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பாட்டி ஜெராக்ஸுக்காக வராமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இதை நினைத்தால் இன்றும் தூக்கம் போய்விடும். ஒரு தாள் இரண்டு ரூபாய் ஜெராக்ஸ். அதை மிச்சம் பிடிக்க வந்தவர்களால் என் தப்பு எனக்குத் தெரிந்தது.

அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் ஆண்டு. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தது. இந்த வருஷ விண்ணப்பங்களைச் சரிபார்க்க நான்தான் கூப்பிட்டேன். போன வருஷப் பட்டியலை மாதிரிக்குக் காட்டினேன். அது பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தது, நான் விண்ணப்பத்தை எடுத்து டிக் அடித்துக்கொண்டே வந்தேன். பத்தாவது பெயரைப் படித்து முடித்ததும் நான் தாளை மடிக்கப் போனேன். அது மடிக்க விடவில்லை.

"பதினொண்ணாவது யாரு டீச்சர்?" என்றது.

எடுத்துக் காட்டினேன்.

(யாராவது பட்டியல் போடும் வேலையில் இருந்தால் இதைப் பகிருங்கள். உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள்.)